மண்ணெண்ணெய் அடிச்ச பைக்கும் ஒரிஜினல்தான்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறவர்களிடம் ஒரு வசனம் இருக்கிறது: "மண்ணெண்ணெய் அடிக்காத பைக்." இந்த வசனம் சேர்ந்தால் விலை ஏறும். வன்னிக்குள் நின்ற பைக் என்று தெரிந்தால் வாங்க வந்தவரின் முகம் மாறும். "மண்ணெண்ணெய் ஓடினதோ? அப்ப எஞ்சின் போயிருக்கும். பொடிக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்கோ" என்று பேரம் தொடங்கும்.

இந்தக் கட்டுரை அந்தப் பேரத்துக்கு எதிரானது.

எங்களில் பலர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இருந்து கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். எஞ்சினைக் கழட்டிப் பூட்டத் தெரிந்தவர்கள் எங்களுக்குள் இரண்டு பேர்தான். மிச்சப்பேர் ஸ்பனர் எடுத்துக் குடுக்கிற ஆக்கள். ஆனால் பழைய ஹொண்டா ஒன்றைக் கண்டால் எல்லாரும் நிற்போம். அந்த ஆசையைப் பழிக்க நாங்கள் வரவில்லை. அந்த ஆசை எதைத் தேடுகிறது, தேடிக் கண்டதை என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த இடைவெளியில் இந்த நாட்டில் உருளுகிற எதற்கும் விலை ஏறியது. அதே காலத்தில் கைபேசியில் கஃபே ரேசர், ஸ்க்ராம்ப்ளர், பொபர் என்று ஒவ்வொரு நாளும் வீடியோ. விளைவு என்ன? சீ.டி. 200, சீ.டி. 125, எம்.டி. 90, சாலி என்று தேடிக்கொண்டு வன்னிக்கு ஆக்கள் வருகினம். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில், சீற்றில் கோழி ஏறி நிற்கிற பைக்குக்குப் பழைய இரும்பு விலை சொல்லப்படுகிறது. பிறகு அது பஞ்சிகாவத்தையில் தேடியெடுத்த பாட்ஸ்களோடு மினுக்கப்பட்டு, "ஃபுல்லி ரிஸ்டோர்ட், ஒரிஜினல் கொண்டிஷன்" என்று இன்ஸ்ராகிராமில் ஏறுகிறது.

மினுக்கும்போது முதலில் கழட்டி எறியப்படுவது எது தெரியுமோ? ஹாண்டிலுக்குக் கீழே கட்டியிருந்த சின்னப் போத்தலின் வளையம். பெற்றோல் குழாயில் இடையில் வெட்டிச் செருகியிருந்த ரி-ஜொயின்ற். ஊர்க் கொல்லன் வளைத்து ஒட்டின கரியர். அதாவது, அந்த பைக் வன்னியில் வாழ்ந்ததற்கான அத்தனை அடையாளமும். எங்கட கோவம் அங்கதான் தொடங்குது.

அந்தச் சின்னப் போத்தல்

எங்கள் வயதில் உள்ளவர்களுக்கு இது கதையாக மட்டும்தான் தெரியும். ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுவோம்.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபின், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு எல்லாம் தடைப்பட்டியலில். வன்னியில் அது 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கை வரைக்கும் நீண்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது நெருக்கடி மறுபடியும் வந்தது. பெற்றோல் வந்தாலும் களவாக வரும், போத்தல் கணக்கில் விற்கும், சாதாரண சனத்தின் கைக்கு எட்டாது. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கும் அடுப்புக்கும் என்று அளந்து வந்தது.

பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றினால் ஓடாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கும், பிளக்கை நனைக்கும், உதைத்து உதைத்துக் கால்தான் நோகும். ஆகவே எங்கட ஆக்கள் ரெண்டு எரிபொருளுக்கு ரெண்டு வழி வைத்தார்கள். சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல், ராங்கில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகும்வரை ஓட்டி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிற்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். அப்பதான் காபரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும், அடுத்தநாள் காலமை உதைத்தால் பிடிக்கும். மறந்தால் பிளக்கைக் கழட்டித் துடைக்கிற வேலை.

இது முதல் பாடம் மட்டும்தான். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, ஆகவே எஞ்சின் நொக் பண்ணும். அதைத் தணிக்கக் கொம்பிரஷனைக் குறைக்கவேண்டும். ஹெட்டுக்குக் கீழே தடிப்பான கஸ்கற் வைப்பது அதற்கு ஒரு வழி. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை மெல்லியதாக்கும். ஒயிலும் இல்லாத ஊரில் அதற்கு என்ன செய்வது? எந்தச் சத்தம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டும், எந்தப் புகை வந்தால் இன்னும் ரெண்டு கட்டை ஓடும் என்பதெல்லாம் கராஜுகளில் வாயால் வாய்க்குப் போன அறிவு. எந்த மனுவலிலும் அது இல்லை. ஹொண்டா கொம்பனிக்காரனுக்கே தெரியாத ஹொண்டாவை விசுவமடுவிலும் மல்லாவியிலும் ஒருத்தர் தெரிந்து வைத்திருந்தார்.

வற்றாப்பளை அம்மனுக்கு உப்புத்தண்ணியில் விளக்கு எரிகிற ஊர் இது. அந்தப் பொங்கலின் ஒவ்வொரு சடங்கும் எழுதப்பட்டிருக்கிறது. முல்லைமோடிக் கூத்துக்கு ஆய்வு இருக்கிறது. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் தொகுப்பு இருக்கிறது. எங்கள் பீடத்தில் "நாட்டாரியல்" என்றால் பாட்டும் கூத்தும் சடங்கும்தான். கையில் கிறீஸ் பட்டவனின் அறிவு நாட்டார் அறிவு இல்லையோ?

எந்த ஒரிஜினல்?

"நாங்கள் பைக்கை அதின்ர ஒரிஜினல் நிலைக்குக் கொண்டு வாறம், அதில என்ன பிழை?" என்று கேட்பவர்களிடம் ஒரு எளிய கேள்வி: எந்த ஒரிஜினல்?

எம்.டி. 90-ஐ எடுங்கள். வன்னியில் போர்க்காலத்தில் வாழ்ந்த யாரைக் கேட்டாலும் சொல்லுகிற பைக். கிளட்ச் கைபிடி இல்லாத, 90 சீ.சீ.க்கும் குறைந்த சின்ன எஞ்சின். அது சுப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை. 1958 இல் தொடங்கின அந்த சுப்பர் கப், 2017 இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. எம்.டி. 90-ஐ ஹொண்டா செய்தது ஜப்பானின் தபால்காரருக்காக. எம்.டி. என்ற இரண்டு எழுத்துமே தபால் விநியோகத்தைத்தான் குறிக்கும். நிறம் தபால் சிவப்பு. தொழிற்சாலை விட்ட நிலைதான் ஒரிஜினல் என்றால் அதுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து, முன்னுக்குக் கடிதப்பை கட்டி, ஒசாக்காவுக்குத்தான் அனுப்பவேண்டும். அதை ஒருத்தரும் செய்யிறேல்லை. அப்ப "ஒரிஜினல்" என்று நீங்கள் சொல்வது தொழிற்சாலையின் உண்மையும் இல்லை, வன்னியின் உண்மையும் இல்லை. விற்கக்கூடிய ஒரு பளபளப்பு, அவ்வளவுதான்.

கஃபே ரேசர் மோகத்தையும் பார்ப்போம். 1950களிலும் 60களிலும் லண்டனில் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடின பெடியள் நோர்ட்டன் சட்டத்தில் ட்ரையம்ப் எஞ்சினை ஏற்றினார்கள். அதுக்குப் பெயர் ட்ரைற்றன். ரெண்டு கொம்பனி, ஒரு பைக். இன்றைக்கு அதைச் சேகரிப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். இதே வேலையை ஒரு இடம்பெயர்வுக்கும் அடுத்த இடம்பெயர்வுக்கும் நடுவில், ஒரு பைக்கின் சேசிஸில் இன்னொன்றின் எஞ்சினை ஏற்றி, விசுவமடுவில் ஒருத்தர் செய்தால் அதுக்குப் பெயர் "ஒட்டுப் பைக்". எஞ்சின் நம்பர் புத்தகத்தோடு பொருந்தாது, ஆகவே பாட்ஸ் விலை. லண்டன்காரன் ஒட்டினால் கஸ்டம், வன்னிக்காரன் ஒட்டினால் கழிவு. இந்தக் கணக்கை எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?

ரெண்டு எரிபொருள் விசயத்திலும் இதே கதைதான். பிரித்தானியாவில் போருக்குப் பின்வந்த ஃபேர்கசன் ரி.ஈ. 20 உழவு இயந்திரத்தில் ஒரு வகை, மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் ஓடியது. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானபின் மாற்றவேண்டும். அதுக்கென்று சின்னதாக ஒரு பெற்றோல் ராங்க் தனியாக இருந்தது. எங்கள் போத்தலின் அதே தத்துவம். அந்தச் சின்ன ராங்க் இருந்தால்தான் அந்த உழவு இயந்திரம் முழுமையானது என்று அங்கே சேகரிப்பவர்கள் பார்க்கிறார்கள். அவர்களுடையது தொழிற்சாலை செய்தது, எங்களுடையது மரத்துக்குக் கீழே செய்தது. வித்தியாசம் அது மட்டும்தான்.

மதிக்கத் தெரிந்த இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் விழுந்தபின் 1990களில் கியூபாவில் எரிபொருளும் உதிரிப்பாகமும் வற்றிப்போயின. சனங்கள் சைக்கிளில் வேறு வேறு இயந்திரங்களின் மோட்டரைப் பூட்டி "ரிக்கிம்பிலி" என்று ஓட்டினார்கள். 1992 இல் கியூப இராணுவத்தின் பதிப்பகமே சனங்களின் கைவித்தைகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டது. ஏர்னெஸ்ரோ ஒரோசா என்ற வடிவமைப்பாளர் இப்படியான பொருட்களைத் தேடிச் சேகரித்து, அதைத் "தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை" என்று பெயரிட்டு எழுதினார். பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று தொழிற்சாலை போட்ட கட்டளையைச் சனங்கள் மீறுகிறார்கள் என்பதுதான் அவர் சொன்னது. எங்களிடம் கியூபாவைவிடக் குறைவாக என்ன நடந்தது? நடந்தது குறைவில்லை. எழுதினவர்கள்தான் குறைவு.

அரசுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை

ஏ9 வழியே போனால் ஆனையிறவில் ஒரு புல்டோசர் நிற்கும். 1991 ஜூலைச் சண்டையில் புலிகள் இரும்புத் தகடு அடித்துக் கவசமாக்கிக் கொண்டுவந்த வாகனம். அதைத் தடுத்து உயிர்விட்ட காமினி குலரத்ன என்ற சிப்பாயின் நினைவிடமாக அதை அரசு வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கவசத்தை ஒருவரும் உரிக்கவில்லை. "ஒரிஜினல் கொண்டிஷனுக்கு" கொண்டுவந்து கொம்பனி நிறம் அடிக்கவில்லை. ஏனென்றால் கவசத்தை உரித்தால் அது எந்த ஊரிலும் மண் அள்ளுகிற சாதாரண புல்டோசர். மாற்றம்தான் அதன் வரலாறு என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும். தன் வெற்றிக்குச் சாட்சியாக அந்த மாற்றத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

எங்களுக்கோ அது தெரியவில்லை. வன்னியில் மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களில் நினைவுச்சின்னமாக நிற்பது ஒரு போர் வண்டி. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரையும் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சியையும் ஏற்றின பைக்குகள் எங்கே? 2009 இல் கிளிநொச்சியில் இருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று சனத்தோடு சேர்ந்து நகர்ந்து, கடைசியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான முள்ளிவாய்க்கால் மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. வருசக்கணக்காகத் துருப்பிடித்துக் குவியலாக நின்றன. பிறகு லொறி லொறியாகப் பழைய இரும்பாகப் போயின. அந்த இரும்பு பொறுக்கப்போய் வெடியில் அகப்பட்டவர்களும் இருக்கினம். மிஞ்சினது வளவுகளில் நிற்கிற சொற்பம்தான். அந்தச் சொற்பத்தைத்தான் இப்போது "பொடிக்கு ஒரு விலை" என்று நாங்களே அழிக்கிறோம். ஒருத்தரும் வந்து பறிக்கேல்லை. நாங்களே கழட்டிக் குடுக்கிறம்.

எதிர்ப்பேச்சுக்குப் பதில்

"கஷ்டத்தைக் கொண்டாடுறியளோ?" என்று கேட்பீர்கள். இல்லை. மருந்தையும் எண்ணெயையும் மறித்தது குற்றம். "எங்கட சனம் எதையும் தாங்கும்" என்ற புகழ்ச்சி அந்தக் குற்றத்தை மூடிமறைக்கத்தான் உதவும். அதனால்தான் போத்தலைக் கழட்டவேண்டாம் என்கிறோம். பளபளக்கிற பைக் பழைய ஜப்பானைப் பற்றி மட்டும்தான் பேசும். ரி-ஜொயின்ற் வைத்த பைக்கைப் பார்க்கிற பிள்ளை "ஏன் ரெண்டு குழாய்?" என்று கேட்கும். அதுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கேலாது.

"மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்னும்" என்பீர்கள். உண்மைதான், மேலே நாங்களே எழுதியிருக்கிறோம். ஓட்டுவதற்கு எஞ்சினைச் செய்யுங்கள், போர் அடியுங்கள், பிஸ்ரன் மாற்றுங்கள். கழட்டினதை எறியாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

"உதெல்லாம் முடிஞ்ச கதை" என்பவர்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ப் பாருங்கள். படகுகளின் எஞ்சின்கள் இன்றைக்கும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியபோது அடிபட்டது அந்தக் கரைதான். அந்த வருசம் முழுநாடும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கொழும்புக்கு அது புது அனுபவம். எங்கட பெரியாக்களுக்கு அது பழைய பாடம். பாடத்தை எழுதி வைத்திருந்தால் நாட்டுக்கே உதவியிருக்கும்.

"கஸ்டம் பைக் எண்டால் ரௌடிப் பெடியள்" என்பவர்களுக்கும் ஒன்று. காது கிழியச் சைலன்சர் வெட்டி, இரவில் ஏ9 இல் பந்தயம் ஓடுவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாற்றிக் கட்டுவது எங்கட ஊரில் சனம் பிழைத்த வழி. தகப்பன் பிழைக்கச் செய்தது மகன் செய்தால் ரௌடித்தனமோ?

கேட்கக்கூடாத பைக்

பாட்ஸ் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். வன்னியில் வளவுக்குள் நிற்கிற பைக் எல்லாம் கைவிடப்பட்ட பைக் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவில் இருந்தார்கள். வருசங்கள் கடந்தும் பதில் இல்லை. அப்படியான ஒரு வீட்டில் துருப்பிடித்து நிற்கிற பைக், ஓடாத பைக்காக இருக்கலாம். ஆனால் அது ஒருவருடைய பைக். அந்தத் தாயிடம் "அம்மா, சும்மா நிக்குது தானே, தாங்கோவன்" என்று கேட்கிற வாய் எங்களுடையதாக இருக்கக்கூடாது. ரெண்டாம் முறை போய்க் கேட்கவே கூடாது. படம் எடுத்துப் போடவும் கூடாது. எல்லா வேட்டைக்கும் ஒரு எல்லை இருக்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

வாங்குகிறவர்களே, விலை பேசுமுன் கதை கேளுங்கள். எந்த வருசம், எந்த இடம், ஆர் செய்தது, எந்தப் பகுதி எந்த பைக்கில் இருந்து வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு ஸ்பனரில் கை வைக்கமுதல் நாலு பக்கமும் படம் எடுங்கள். கழட்டின கஸ்கற், ரி-ஜொயின்ற், வளையம், கரியர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அந்த பைக்கோடேயே வைத்திருங்கள். விற்றால் பெட்டியையும் சேர்த்து விற்றுவிடுங்கள்.

கஸ்டம் கட்டுகிற தோழர்களே, லண்டனைப் பார்த்துக் கட்டுவது உங்கள் உரிமை. ஆனால் எங்களுக்கென்று ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. ரெண்டு எரிபொருள், அரிசி மூட்டை தாங்குகிற கரியர், மணல் ஒழுங்கையில் புதையாத நடை. ஒருமுறை அதைப் பார்த்துக் கட்டிப்பாருங்கோ. உலகத்தில் வேற ஒருத்தனிட்டயும் இல்லாத கஸ்டம் அது.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கேள்வி. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம் இருக்கிறது. ஒருவருக்கு எஞ்சின் தெரியும், மற்றவருக்கு நேர்காணல் செய்யத் தெரியும். ரெண்டு பேரும் ஒரு பின்னேரம் ஒரே கராஜில் குந்தினால் போதும், ஒரு ஆய்வு தொடங்கும். தடைக்காலத்தில் இருபது வயதில் ஸ்பனர் பிடித்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர்களோடு போவது அவர்களின் பெயர் மட்டுமில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்லுகிற காதும்தான். எங்களுக்கு இருக்கிற காலம் கொஞ்சம்.

விற்க வைத்திருக்கிற மாமாமார், சித்தப்பாமாருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஆராவது வந்து "மண்ணெண்ணெய் அடிச்சதோ?" என்று கேட்டால் குனிஞ்சு நிக்காதேங்கோ. "ஓம், அடிச்சதுதான்" எண்டு சொல்லி, விலையைக் கூட்டுங்கோ.